ரயில் இறக்கிவிட்ட இடத்தில் காத்திருந்த கப்பல்

தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையத்தைப் பார்க்காத சிங்கப்பூரர் குறைவு. 1932 மே மாதம் திறக்கப்பட்ட கட்டடம் அது. விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள் முகப்பில் இன்றும் நிற்கின்றன. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்டது.

ஊருக்கு நடுவில் கட்டியிருக்கலாமே, துறைமுகத்தை ஒட்டி ஏன் கட்டினார்கள்? நேயர்கள் யோசித்ததுண்டா? அந்தக் காலத்தில் ரயில் வேறு, கப்பல் வேறு அல்ல. ஒரு பயணத்தின் முதல் பாதி தண்டவாளத்தில் என்றால் மறு பாதி தண்ணீரில். ரயில் இறக்கிவிடும் இடத்தில் கப்பல் இருக்க வேண்டும். கப்பல் சேரும் இடத்தில் ரயில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரே அப்படித்தான் மலாயாவுடன் இணைந்தது. 1903ல் தீவுக்குள் ரயில் ஓடத் தொடங்கியது. 1909ல் ஜோகூர் பாதையும் முடிந்தது. ஆனால் நடுவில் கடல். பயணிகள் உட்லண்ட்ஸில் இறங்கி, படகேறி, ஜோகூர் பாருவில் மறுபடி ரயில் பிடித்தார்கள். சரக்குப் பெட்டிகளையும் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். நெரிசல் தாங்காமல்தான் கடற்பாலம் கட்டினார்கள். அதன் அதிகாரபூர்வத் திறப்பு விழா நடந்தது 1924 ஜூனில்.

ஐரோப்பாவில் இன்றும் உண்டு

இப்போது நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஐரோப்பா போகிறார்கள். லண்டனில் மாலை ரயிலேறி ஹாரிச் துறைமுகம் போகிறார்கள். இரவு முழுவதும் கப்பலில் தூக்கம். விடிந்தால் ஹாலந்து. துறைமுகத்திலிருந்தே மெட்ரோ ரயில் ரோட்டர்டாமுக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஓட்டல் செலவு மிச்சம், பகல் பொழுதும் மிச்சம். இத்தாலியில் சிசிலித் தீவுக்குப் போகும் ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பயணிகளோடு கப்பலுக்குள் தள்ளுகிறார்கள். 1936 முதல் 1980 வரை லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே ‘நைட் ஃபெரி’ என்றே ஒரு ரயில் இருந்தது. லண்டனில் படுக்கையில் படுத்தவர், படுத்த பெட்டியிலேயே கடல் கடந்து பாரிசில் எழுந்தார்.

இதைக் கேட்டு வியப்பவர்கள், தங்கள் தாத்தா பாட்டி வந்த வழியைக் கொஞ்சம் விசாரித்தால் நல்லது. தமிழர்களுக்கு இது புதிதல்ல.

தூத்துக்குடி காட்டிய வழி

1876ல் தூத்துக்குடி வரை ரயில் வந்துவிட்டது. சென்னையில் ஏறியவர் தூத்துக்குடியில் இறங்குவார். கரையோரம் கடலுக்கு ஆழமில்லை. அதனால் சிறு படகில் போய், தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறுவார். ஓர் இரவு கடலில் கழிந்தால் கொழும்பு.

ரயில் எத்தனை பேரைக் கொண்டுவந்து இறக்கினாலும், கடலைத் தாண்டக் கப்பல்காரன் மனசு வைக்க வேண்டும். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. இதைப் புரிந்துகொண்ட மனிதர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபரில் அவர் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911ல் கம்பெனியும் மூடப்பட்டது.

செக்கிழுத்த செம்மலின் கதையைத் தேசபக்திக் கதையாகத்தான் நாம் படித்திருக்கிறோம். அது ஓர் இணைப்பை யார் கையில் வைத்திருப்பது என்ற சண்டையின் கதையும்கூட.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கே ரயில் பாதையை ஒட்டியே படகுத்துறை. ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடல். அக்கரையில் தலைமன்னார். அங்கிருந்து இரவு ரயிலில் மறுநாள் காலை கொழும்பு கோட்டை நிலையம். சென்னையிலேயே கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கிவிடலாம். ‘போட் மெயில்’ என்ற பெயர் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பால் மணக்கும் குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களுக்கு இதே முறைதான், தூரம் மட்டும் அதிகம். உள்ளூர்களிலிருந்து ரயிலில் நாகப்பட்டினம். அங்கும் ஆழமான துறைமுகம் இல்லை. தோணியில் போய்க் கப்பலேற வேண்டும். 1926ல் கிளாஸ்கோவில் கட்டிய ‘ரஜூலா’வை நம் பெரியவர்கள் மறக்க மாட்டார்கள். தொடக்கத்தில் மேல்தளப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாயும் தலையணையும் ஊறுகாய் ஜாடியுமாக ஏறிய குடும்பங்கள், தளத்தில் இடம் பிடித்து, வங்கக் கடலைப் பல நாட்கள் தாண்டி வந்தன.

பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. ஜார்ஜ் டவுனில் 1907ல் கட்டிய ரயில்வே கட்டடம். டிக்கெட் உண்டு, பெரிய மணிக்கூண்டு உண்டு, தண்டவாளம் மட்டும் இல்லை! டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஃபெரியில் எதிர்க்கரையிலுள்ள பிறைக்குப் போனால்தான் ரயில். அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு சிங்கப்பூர். கப்பலிலேயே கடைசிவரை வந்தவர்கள் நேராகச் சிங்கப்பூரில் இறங்கினார்கள்.

இரண்டு முகங்கள்

இந்த ஏற்பாட்டைப் பெருமையாகப் பேசுபவர்கள் ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். வியாபாரிக்கும் குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் இது வசதி. தோட்டத் தொழிலாளிக்கு?

அவரைக் கங்காணி ஊரிலிருந்து ரயிலில் அழைத்து வந்தார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில் தங்க வைத்தார்கள். கப்பலில் ஏற்றினார்கள். பினாங்கு அருகே ஜெரஜாக் தீவிலோ, சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலோ நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்தார்கள். மறுபடி ரயில். அப்புறம் ரப்பர் தோட்டம். இலங்கைக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். ஒவ்வொரு இடத்திலும் இணைப்பு கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் டிக்கெட் அவர் வாங்கியதல்ல. எங்கே இறங்குவது என்பதும் அவர் முடிவல்ல. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, அதே ரயிலும் அதே கப்பலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1938ல் இந்திய அரசு தொழிலாளர்களை இப்படி அனுப்புவதற்குத் தடை விதித்தது.

ஒரே கப்பலில் வந்த இரண்டு பேர். ஒருவர் பயணி, மற்றவர் சரக்கு. திரும்பிப் போகும் டிக்கெட்டை எப்போது வாங்குவது என்று யார் தீர்மானிக்கிறார் என்பதுதான் இருவருக்கும் உள்ள வித்தியாசம்.

அறுந்த கண்ணிகள்

விமானம் வந்ததால் கப்பல் போனது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். முழு உண்மை அதுவல்ல. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்தவர்களும் மாண்டார்கள். ஊரே அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1983 கலவரத்துக்குப் பிறகு, 1984ல் அதுவும் நின்றது. கண்ணியை முதலில் அறுத்தது புயல். மிச்சத்தை அறுத்தது போர்.

ரஜூலா 1973ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு இந்தியக் கப்பல் கழகத்தின் ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு சிங்கப்பூர் - சென்னை கப்பல் பயணம் முடிவுக்கு வந்தது. விமானக் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு, அம்மாவின் முகத்தைப் பார்க்கும் வழி அன்று குறுகிப் போனது. மூட்டை மூட்டையாகச் சாமான் கொண்டுபோன காலம் போய், கிலோ கணக்குப் பார்க்கும் காலம் வந்தது.

மறுபடியும் கடல் வழி

இன்று காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2011ல் தூத்துக்குடி - கொழும்பு கப்பல் தொடங்கிச் சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது, நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. தலைமன்னாருக்கு 2015ல் ரயில் திரும்பியது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

நாகப்பட்டினத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. காங்கேசன்துறையிலும் இருக்கிறது. நடுவில் கப்பலும் இருக்கிறது. ஆனால் மூன்றும் தனித்தனியாக இருந்தால் அது மூன்று பயணம். கப்பல் தாமதமானால் ரயில் காத்திருக்கும் என்று பயணிக்கு ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். ஹாரிச் துறைமுகத்தில் இன்றும் ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்தே டிக்கெட் தருகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழும்பூரில் அதைக் கொடுத்தார்கள்.

அந்த டிக்கெட் திரும்பி வரட்டும். வரும்போது, வ.உ.சி. எழுப்பிய கேள்வியையும் தோட்டத் தொழிலாளி பட்ட பாட்டையும் மறக்காமல் வரட்டும். குறைந்த கட்டணத்தில் போகவும், விரும்பிய நாளில் திரும்பவும் சாதாரண மனிதனுக்கு வழி இருந்தால்தான் அது நல்ல இணைப்பு.