இடிக்கும் முன் படியெடுத்தல்: திருமழபாடி ஆணையும் தரவுத்தளத்தின் பழம்பதிவும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதர் கோயிலில் ஓர் அரசாணை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1012–13) அக்கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டப் பணித்தான். பிரிக்கும் முன், சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் பொத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையின் பகுதி. திருப்பணி முடிந்தபின், முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (1025–26), பொத்தகத்தில் இருந்தவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.

அதே மாவட்டத்தில் இன்னோர் இடிப்பும் நடந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, சில மைல் வடக்கே இருந்த கங்கைகொண்ட சோழபுரம் பெரிய கோயிலின் சுற்றுமதிலையும் கோபுர வாயிலையும் பெயர்த்துக் கருங்கற்களைக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பெயர்க்கும் முன் மதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படியெடுத்து வைக்க எவருக்கும் உத்தரவில்லை. ஆகவே அம்மதிலைக் கொண்டு சோழர் வரலாற்றைப் பற்றி இன்று ஒரு வரிகூடப் பேச முடியாது. இரண்டு இடிப்புகளிலும் கல் ஒன்றுதான், பொறியியல் திறமையிலும் குறைவில்லை. படியெடுப்பு வேலையின் நிபந்தனையாக இருந்ததா என்பது ஒன்றே வேறுபாடு.

தரவுத்தளத்தில் ஒரு பதிவைத் திருத்தும் முன் பழைய வடிவத்தைச் சேமிக்கும் முறை குறித்து நிரலாளரிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கை இந்த வேறுபாட்டைக் கொண்டு தீர்க்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு சாரார் அந்தப் பொறுப்பைத் தரவுத்தளத்திடமே விடவேண்டும் என்பர்: அட்டவணையில் மாற்றம் நேரும்போது தானே இயங்கும் ஒரு டிரிகரை வைத்துவிட்டால், எந்த வழியாக அப்டேட் வந்தாலும் பழைய வரிசை வரலாற்று அட்டவணைக்குப் போய்விடும். மறுசாரார் பயன்பாட்டு நிரலே அதைச் செய்யட்டும் என்பர்: யார், எதற்காக, எந்த மனுவின்பேரில் திருத்துகிறார் என்பது நிரலுக்குத்தானே தெரியும்?

இரு சாராரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. படி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. படியின் பொருள் விளங்குகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதை நிரலாளரின் நினைவாற்றலிடம் விடக்கூடாது. அலுவலகத்தில் ஓடும் ஒரு மென்பொருளை ஐந்தாறு ஆண்டுகளில் பல கைகள் தொடுகின்றன. வலைப்பக்கம் ஒன்று, கைப்பேசிச் செயலி ஒன்று, இரவில் ஓடும் தொகுப்புப் பணி ஒன்று, அவசரத்துக்கு நிர்வாகி நேரே தட்டும் கட்டளை ஒன்று. இவற்றில் மூன்று பழம்படியை எடுத்து நான்காவது எடுக்காமல் போனால், வரலாற்று அட்டவணை முழுவதுமே ஐயத்துக்குரியதாகிவிடும். அதில் ஒரு மாற்றம் இல்லையென்றால், மாற்றம் நடக்கவில்லை என்று கொள்வதா, பதியப்படவில்லை என்று கொள்வதா? இந்த ஐயம் எழுந்த ஆவணம் நீதிமன்றத்தில் நில்லாது.

ஆதலால் படியின் இருப்பை டிரிகர்தான் உறுதிசெய்ய வேண்டும் என்பதே என் நிலை. அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி இயந்திரத்தில், ஓர் அட்டவணையை இன்னொன்றோடு பிணைக்கும் அயற்சாவி வழியாகத் தானே தொடரும் மாற்றங்கள் டிரிகரை எழுப்புவதில்லை. அட்டவணையை ஒரேயடியாகக் காலிசெய்யும் டிரன்கேட் கட்டளை நீக்கலுக்கான டிரிகரைத் தொடுவதில்லை. உரிமை பெற்ற நிர்வாகி டிரிகரை அணைத்துவிட்டு வேலை பார்க்கவும் முடியும். மூல அட்டவணையில் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தவர் வரலாற்று அட்டவணையில் சேர்க்க மறந்தால், அந்தப் பத்தி மட்டும் படியில் வராமல் போகலாம். இவை எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. டிரன்கேட் உரிமையைப் பறிக்கலாம். தொடர் மாற்றங்களை அயற்சாவியிடம் விடாமல் வெளிப்படையாக எழுதலாம். வரலாற்று அட்டவணையில் சேர்க்க மட்டும் உரிமை தந்து, திருத்தவும் அழிக்கவும் எவருக்கும் உரிமையில்லாமல் செய்யலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு; பாடநூல்கள் இதைப் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. ‘திருத்தும் முன் படியெடு’ என்றதும் பலர் திருத்தத்துக்கு முந்திய கட்டத்தில் இயங்கும் டிரிகரை எழுதிவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் அந்தக் கட்டத்தில் இயங்கும் வேறொரு டிரிகர் திருத்தத்தையே தடுத்துவிடலாம். அப்போது நடக்காத மாற்றத்துக்கு ஒரு பழம்படி பதிவாகி நிற்கும். திருத்தத்துக்குப் பிந்திய கட்டத்திலும் பழைய வரிசை டிரிகரின் கைக்கு எட்டும். அங்கே எழுதுவதே பொருத்தம். காக்க வேண்டியது ஒன்றுதான்: படியும் திருத்தமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்க வேண்டும். படி எழுதுவது தவறினால் திருத்தமும் ரத்தாக வேண்டும். திருமழபாடி ஆணையில் படியெடுப்பும் பிரிப்பும் ஒன்றாகப் பணிக்கப்பட்டதன் வலிமையும் இதுவே.

இனி இரண்டாவது கேள்வி. டிரிகர் மட்டும் இருந்தால் கிடைக்கும் படி ஊமைப்படி. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே தரவுத்தளப் பயனர் பெயரில் இணைப்புகளைத் திறந்து பகிர்ந்துகொள்கின்றன. டிரிகருக்குத் தெரிவது அந்தப் பொதுப்பெயர்தான்; மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் யார் என்று அதற்குத் தெரியாது. 2011ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலை வரிசைகளின் காலவரலாற்றைத் தளமே காக்கும் அட்டவணைகளை வகுத்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2016 பதிப்பிலும் மரியாடிபி 10.3 பதிப்பிலும் அவ்வகை அட்டவணைகள் வந்துவிட்டன. எப்போது எது இருந்தது என்பதை அவை செம்மையாகச் சொல்லும். யார் ஆணை, என்ன காரணம் என்பதை அவை தாமாகச் சொல்லமாட்டா.

சோழர் வருவாய்த் துறையின் பழக்கம் இந்த இடத்தில் நமக்குப் பாடமாகிறது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவன் எழுதுவான். திருமந்திர ஓலை நாயகம் ஒப்புவான். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை என்று பல பொறுப்பாளர் முன்னிலையில் பதிவேறும். இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டு ஆணையைத் தாங்கிய திருவாலங்காட்டுச் செப்பேடு, பழையனூரைத் தேவதானமாக்கியதை (கோயில் நிலமாக்கியதை) மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அவ்வூர் முன்பு சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரின் பிரமதேயமாக (பிராமணருக்குத் தந்த ஊராக) இருந்தது என்பதையும், அந்நிலையை நீக்கி வெள்ளான்வகையாக்கி (உழுகுடிகளின் ஊராக்கி) கோயிலுக்குத் தந்தார்கள் என்பதையும் சேர்த்தே பதிகிறது. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஆணை, ஆண்டு, பதிந்தவர் எல்லாம் ஒரே ஆவணத்தில்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அக்கோயிலில் இன்று கிடைப்பவற்றுள் காலத்தால் முந்தியது, கட்டிய இராசேந்திரனுடையது அன்று. அவன் மகன் வீரராசேந்திரனின் 5ஆம் ஆட்சியாண்டினது. இராசேந்திரன் தன் 23ஆம் ஆண்டில் கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்ததும், 24ஆம் ஆண்டில் அவை வரிக்கணக்கில் ஏறியதும் அதில் வருகின்றன. கொடுத்த காலம் ஒன்று, கணக்கில் பதிந்த காலம் ஒன்று, கல்லில் ஏறிய காலம் மற்றொன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து மகன் காலத்தில் அந்த விவரங்களைக் கல்லில் வெட்ட முடிந்ததென்றால், கணக்கில் அவை அழியாமல் இருந்தன என்பது பொருள். இன்றைய தரவுத்தள ஆய்வாளர்கள் செல்லுங்காலம், பதிவுக்காலம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதை அந்தக் கணக்கர்கள் கடமையாகவே செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு தேதிப் பத்தியை வைத்துவிட்டு வரலாறு காக்கிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் அவர்கள் நின்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே ஆணையைப் பயன்பாட்டு நிரல் தரட்டும், படியை டிரிகர் எடுக்கட்டும். டிரான்சாக்‌ஷனின் தொடக்கத்தில் நிரல் எழுத்தரின் அடையாளத்தையும் மனு எண்ணையும் காரணத்தையும் அமர்வு மாறிகளில் வைக்க வேண்டும். டிரிகர் அவற்றை எடுத்துப் பழம்படியோடு எழுத வேண்டும். அவை வெறுமையாக இருந்தால் டிரிகர் திருத்தத்தையே மறுக்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் முதன்மையானது. ஆணை எண் இல்லாமல் நேரே உள்ளே வரும் கட்டளையை வாசலிலேயே நிறுத்துவது அதுதான்.

இது ஏட்டளவிலான கவலை அன்று. தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவர் எவரும் யு.டி.ஆர். என்ற எழுத்துகளைக் கேட்டிருப்பார். 1979இல் தொடங்கிய அந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது பெயர்களும் பரப்புகளும் பிழைபட்ட ஊர்கள் பல. இன்றும் அப்பிழையைத் திருத்தக் கோருபவர் யு.டி.ஆர். ‘அ’ பதிவேட்டையும் அதற்கு முந்திய செட்டில்மென்ட் பதிவேட்டையும் தேடிப் போகிறார். பழைய பதிவேடு கிடைத்தால் வழக்கு நகர்கிறது. கிடைக்காதவர் தலைமுறைக்கும் அலைகிறார். பதிவுத் துறை தரும் வில்லங்கச் சான்று ஒரு நிலத்தின் மீது பதிவான பத்திரங்களை வரிசையாகக் காட்டுகிறது. பட்டாவோ இன்றைய உடையவர் யார் என்று மட்டும் காட்டுகிறது. முன்னது வரலாற்று அட்டவணை, பின்னது நடப்பு வரிசை. இரண்டையும் பிணைக்கும் பாலம் பட்டா மாறுதலின் பழம்படிதான்.

எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பதா என்ற எதிர்ப்பு வரும். இடம் நிறையும், வேகம் குறையும் என்பது உண்மை. ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தால் பெரும்பகுதி தீரும். தனிமனிதத் தகவலை அழிக்கும் உரிமையை 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது என்பது கனமான எதிர்ப்பு. அதற்கு விடை, எந்த அட்டவணையின் பழம்படி எத்தனை ஆண்டு என்பதை முதலிலேயே எழுதி வைப்பது. கைப்பேசி எண்ணின் பழைய மதிப்பும் நிலவுடைமையின் பழைய மதிப்பும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

திருமழபாடி முறைக்கும் ஒரு குறை உண்டு. மீண்டும் வெட்டப்பட்டவை சொல்லைக் காத்தன. பழைய எழுத்தின் வடிவத்தைக் காக்கவில்லை. மேலும், ஏறத்தாழ 13 ஆண்டுகள் அத்தனை சாசனங்களும் ஒரே பொத்தகத்தை நம்பி இருந்திருக்கின்றன. வரலாற்று அட்டவணையை மூல அட்டவணையின் அதே வட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசு அலுவலகங்களுக்கு மென்பொருள் வாங்க ஒப்பந்தப்புள்ளி எழுதுகிறவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது: உரிமையைத் தீர்மானிக்கும் ஒவ்வோர் அட்டவணைக்கும், பழம்படியும் ஆணை எண்ணும் இல்லாமல் எந்தத் திருத்தமும் நிறைவேறக்கூடாது என்ற நிபந்தனையை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், மென்பொருளை ஏற்கும் நாளில், ஆணை எண் இல்லாத ஒரு திருத்தத்தை நேரடிக் கட்டளையாக அனுப்பிச் சோதித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.