நியூட்ரான் சிதறலும் பசுங்குடில் வாயுக் குறைப்பு வினையூக்கிகளும்

பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க உதவும் வினையூக்கிகளை நியூட்ரான் கற்றையால் ஆராய்வது முதற்பார்வைக்குப் பொருந்தாத காரியம். நியூட்ரானைச் சிதறடிக்கும் திறனைப் பார்ன் என்ற அலகால் அளப்பர். ஹைட்ரஜனுக்கு அது ஏறத்தாழ 82, கரிமத்துக்கு 5.5, ஆக்சிஜனுக்கு 4.2. எந்தக் கரியமில வாயுவைக் கையாள வேண்டுமோ அதுவே இக்கருவியின் கண்ணில் சரியாகப் படுவதில்லை. ஆனாலும் ஹைட்ரஜன் மீது நியூட்ரான் காட்டும் இந்த ஓரவஞ்சனைதான் முறையின் வலிமை. கரியமில வாயு மெத்தனாலாகவோ மீத்தேனாகவோ மாறும் வினைகளில், ஹைட்ரஜன் எங்கே ஒட்டுகிறது, எந்த வடிவில் தங்குகிறது என்பதைப் பொறுத்தே விளைபொருள் அமைகிறது. வேறு கருவிகள் எளிதில் தவறவிடுவதும் அந்த ஹைட்ரஜனைத்தான்.

ஜேம்ஸ் சாட்விக் 1932இல் நியூட்ரானைக் கண்டறிந்தார். 1946 முதல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணுஉலையில் எர்னஸ்ட் வோலனும் கிளிஃபர்ட் ஷல்லும் அதைக் கொண்டு படிகங்களின் அணு அமைப்பை வரைந்தனர். கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ரம் பிராக்ஹவுஸ், சிதறும்போது நியூட்ரான் இழக்கும் ஆற்றலை அளந்து அணுக்களின் அதிர்வைப் படித்தார். ஷல்லுக்கும் பிராக்ஹவுஸுக்கும் 1994இல் நோபல் பரிசு கிடைத்தது. வோலன் அதற்குப் பத்தாண்டு முன்பே மறைந்திருந்தார். இவர்களின் பணி பருவநிலைச் சிக்கலை எண்ணித் தொடங்கியதன்று. 1970களில் வினையூக்கி ஆய்வுக்குள் இம்முறை நுழைந்தபோதும் ஆராயப்பட்டது ரேனி நிக்கல் என்ற வினையூக்கியில் ஒட்டிய ஹைட்ரஜன்தான். இங்கிலாந்தின் ஐசிஸ் நிலையம் 1984இல் முதல் நியூட்ரான் துடிப்புகளைத் தந்தது. அங்குள்ள டாஸ்கா, ஓக் ரிட்ஜின் விஷன் ஆகிய நிறமாலைமானிகள் பிற்பாடு இத்துறையின் முதன்மைக் கருவிகளாயின.

நிக்கல்-அலுமினா வினையூக்கியில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் வினைபுரியச் செய்யும் உலர் சீர்திருத்தம் இம்முறையின் பயனுக்கு நல்ல சான்று. இரண்டு பசுங்குடில் வாயுக்களும் ஒரே வினையில் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. ஆனால் கரி படிந்து நிக்கல் செயலிழக்கிறது. அலுமினா கீழ்அலைவெண் அகச்சிவப்பை உறிஞ்சிவிடும், கரியோ கருமையானது. ஆகவே வழக்கமான நிறமாலை முறை இங்கே தடுமாறுகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஐசிஸும் சேர்ந்து செய்த நியூட்ரான் ஆய்வுகளில் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் தெரிந்தன. படிந்த கரியிலோ ஹைட்ரஜன் மிகச் சொற்பம். பாதி உடைந்த ஹைட்ரோகார்பன்தான் வினையூக்கியை மூடுகிறது என்ற எளிய படம் இங்கே பொருந்தவில்லை. மருந்து தேட வேண்டிய இடம், கரிமம் ஆக்சிஜனோடு சேர்ந்து வெளியேறும் வேகம் என்றே இதிலிருந்து கொள்ளத் தோன்றுகிறது. செரியம் ஆக்சைடு வினையூக்கியிலும் இத்தகைய தெளிவு கிடைத்தது. அதில் ஹைட்ரஜன் ஹைட்ராக்சிலாக மட்டுமின்றி, செரியத்தோடு நேரே பிணைந்த ஹைட்ரைடாகவும் இருப்பதை 2017இல் வெளியான விஷன் அளவீடுகள் நேரடியாகக் காட்டின.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டாஸ்கா போன்ற கருவிகளில் மாதிரியை ஏறத்தாழ 20 கெல்வினுக்குக் குளிர்விக்க வேண்டும். உறைந்ததைப் பார்த்து நடப்பதைச் சொல்வது எப்படி? கணநேரமே வாழும் இடைநிலைகள் இதில் அகப்படா என்பது உண்மை. அதனால் நிறமாலையில் ஒன்று தெரியவில்லை என்பதைக் கொண்டு அது உருவாகவே இல்லை என்று வாதிட முடியாது. ஆனால் வினையூக்கியைக் கொல்வது பெரும்பாலும் தங்கிவிடும் பொருளே, அது உறைந்த பின்னும் தெரியும். மேலும், நியூட்ரான் எஃகையும் அலுமினியத்தையும் ஊடுருவுவதால், ஓடும் வினையையே விளிம்புவிளைவு முறையில் பார்க்கலாம். பிரான்சின் கிரெனோபிள் நியூட்ரான் நிலையத்தில் செம்பு-துத்தநாக மெத்தனால் வினையூக்கியை 60 பார் அழுத்தத்தில் அளந்தபோது, செம்பின் அடுக்குப் பிழைகள், அதாவது அணு அடுக்குகளின் ஒழுங்கு பிறழ்ந்த இடங்கள், வேலையின் நடுவிலும் நீடித்தன. கணினிக் கணிப்பே போதும் என்பாருக்கும் விடை உண்டு: எந்த அதிர்வு தெரியும் என்பதை வரையறுக்கும் ஒளியியல் தேர்வு விதிகள் நியூட்ரான் நிறமாலையில் இல்லாததால் கணித்த அதிர்வுகளை அதனோடு நேரே ஒப்பிடலாம், எனவே கணிப்பைச் சோதிக்கும் உரைகல்லாக அது நிற்கிறது.

நியூட்ரான் மூலங்கள் அருகிவருவது இன்னும் கடினமான சிக்கல். சாக் ரிவர் உலை 2018இலும், பெர்லின் உலையும் பிரான்சின் ஓர்ஃபே உலையும் 2019இலும் மூடப்பட்டன. கிராம் கணக்கில் மாதிரியும் மணிக்கணக்கில் கற்றையும் கேட்கும் இம்முறையால் ஆயிரம் வினையூக்கிகளைச் சலித்தெடுக்க இயலாது. சர்ச்சைக்குரிய ஒன்றிரண்டை ஆராயவே அதைப் பயன்படுத்துவது தகும். உமிழ்வுக் கணக்கும் அதன் எல்லைக்கு வெளியே உள்ளது. உலர் சீர்திருத்தம் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 247 கிலோஜூல் வெப்பம் கேட்கிறது. அவ்வெப்பம் நிலக்கரியிலிருந்து வந்தால், எத்தனை நாள் கரி படியாத வினையூக்கியாலும் வளிமண்டலத்துக்கு இலாபமில்லை.