கடலாட்டும் கடற்கரை விடுமுறையும்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் போர்ட்டிக்சன் கடற்கரையில் வாடகை வீடெடுத்து இரண்டொரு நாள் தங்கி வருவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. இது துரைமார் விட்டுச் சென்ற பழக்கம், தமிழர்க்கு உரியதன்று என்பார் சிலர். புகார் நகரிலேயே தமிழர் கண்ட இன்பம் இது என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றும் எத்துணை உண்மை என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும்.

புகாரின் கடலாட்டு

பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து மக்களின் கடல் விளையாட்டை விரித்துரைக்கின்றார். அவர்கள் கடலில் நீராடினர். உடம்பில் படிந்த உப்புப் போக ஆற்று நீரில் மீண்டும் குளித்தனர். நண்டுகளை ஓட்டி விளையாடினர். அந்நகரின் துறையில் வந்து குவிந்தவற்றுள் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். இன்றைய கெடாவே அக்கடாரம் என்பது அறிஞர் துணிபு.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இன்னும் தெளிவான சான்று. இந்திர விழா முடிந்தபின் நிறைமதி நாளில் மாதவி கடல் விளையாட்டுக் காண விரும்புகிறாள். கோவலன் அத்திரி மீதும் மாதவி வண்டியிலுமாக வைகறையில் புறப்படுகின்றனர். புன்னை நிழலில், ஓவியம் தீட்டிய திரையைச் சுற்றிலும் கட்டி, மேலே விதானம் அமைத்து, அதனுள் அவர்கள் தங்குகின்றனர். அரசிளங்குமரர், வணிகர் முதலியோரும் தத்தம் சுற்றத்தோடு திரைகளுக்குள் அமர்ந்திருந்தனர். பெருங்கூட்டத்தின் நடுவே தமக்கென ஓர் ஒதுக்கிடம் தேடிய இம்முறை, ஒரு வகையில் இன்றைய வாடகை வீட்டிற்கு முன்னோடி எனலாம்.

ஆயினும் அக்கடற்கரையில் இருந்த மற்றையோரை மறத்தல் கூடாது. இளங்கோவடிகள் மணற்பரப்பில் எரிந்த விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். கம்மியர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு என அவை நீள்கின்றன. ஒருவர் ஓய்ந்திருக்க மற்றொருவர் உழைத்துக்கொண்டிருந்தார். கடல் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. ஓய்வு பொதுவாக இல்லை.

மேனாட்டு வழக்கம்

இங்கிலாந்தில் இவ்வழக்கம் மிகப் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரசல் என்னும் மருத்துவர் கடல்நீர் நோய் தீர்க்கும் என நூல் எழுதினார். அதன்பின் பிரைட்டன் என்னும் மீனவர் ஊர் செல்வர் நாடும் இடமாயிற்று. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்கு பிரான்சு நாட்டில் 1936இலும், இங்கிலாந்தில் 1938இலும் சட்டம் பிறந்தது. ஊதியம் குறையாத நாட்கள் கிடைத்த பின்னரே எளிய தொழிலாளரும் பல நாள் கடற்கரையில் தங்கும் நிலை பெருகியது.

மலாயாவில் நிகழ்ந்தது

1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அக்கரையோரத்தில் ஓய்வு பங்களாக்கள் எழுந்தன. மலாயாவின் இருப்புப் பாதை வேலையில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளருடையது. ஆனால் அப்பாதை வழியே ஓய்வு நாடிச் சென்றவர் துரைமாரும் உயர் அலுவலருமே.

தோட்டத் தமிழர்க்குக் கடல் வேறு பொருள் தந்தது. அது பிரிவின் பெயர். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கு ஜெரஜாத் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டு, அதன்பின் லயத்திற்குச் சென்றவர்கள் அவர்கள். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த முன்னோர் கூற்று அவர்கள் வாழ்வில் மெய்யாயிற்று.

நாட்கூலிக்காரனுக்கு வேலை செய்யாத நாள் கூலியில்லாத நாள். அவன் குடும்பத்தோடு வெளியூர் சென்று தங்கியது பெரும்பாலும் திருவிழாவுக்காகவே. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகின்றது. தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டியிலும் பின்னர் லாரியிலும் வந்தோர் ஆற்றோரத்திலும் மரத்தடியிலும் பாய் விரித்துத் தங்கினர். கல்லடுப்பு மூட்டிப் பொங்கினர். நேர்த்திக்கடனும் உறவினர் சந்திப்பும் ஓய்வும் அவ்விரண்டொரு நாளிலேயே அடங்கின.

சட்டம் தந்த நாட்கள்

1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. 1955இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டம் 1957இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அச்சட்டப்படி, ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர்க்கு ஆண்டுக்கு 8 நாளும், ஐந்தாண்டுக்குக் குறைவானவர்க்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவர்க்கு 16 நாளும் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அன்று அடைபட்டிருந்தவர் பேரப்பிள்ளைகள் இன்று கடற்கரை வீட்டின் சாவியை வாங்குவது இந்த நாட்களின் பயனே.

ஆகவே அந்நாட்களை வீணாக்காது திட்டமிடுதல் தகும். அமைதி வேண்டுவோர் பண்டிகை நாட்களையும் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தையும் தவிர்க்கலாம். வீட்டில் சமையலறை உண்டா, எத்தனை பேர் படுக்கலாம், கடல் எவ்வளவு தொலைவு என முன்னரே கேட்டறிதல் நன்று. நீர் ஏறும், வற்றும் நேரங்களை அறிந்தே பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டும்.

தொடக்கத்திற் கண்ட இரு கூற்றும் பாதியுண்மையே. கடலாட்டுத் தமிழர்க்குப் பழையது. உழைப்பவனுக்குக் கடற்கரை ஓய்வு புதியது. கடலாடு காதையைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் மாதவியின் ஓவியத் திரையை மட்டும் காட்டி நிறுத்துதல் போதாது. அப்பம் சுட்டவரின் விளக்கையும் மாணவர்க்குக் காட்ட வேண்டும். வாடகை வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சாவி கொடுப்பவர்க்கும் ஆண்டில் சில நாள் ஓய்வு உண்டா என்று கேட்கும் மனம் அப்போதுதான் வளரும்.