அபராதமும் பிடியாணையும்: அமெரிக்க நகராட்சி நீதிமன்ற வரலாற்றில் ஒரு பாடம் (1970 – 2015)

முன்னுரை

சாலைக் குற்றங்களுக்காக வழங்கப்படும் அபராதச் சீட்டினை மலேசியத் தமிழர் பேச்சு வழக்கில் ‘சம்மன்’ என்பர். நீதிமன்றத்திற்கு வருமாறு அழைக்கும் ஆணை என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். ஆயினும், வழக்கில் அது கட்ட வேண்டிய பணத்தையே குறித்து நிற்கிறது. இத்தகைய மாற்றம் சொல்லளவில் நின்றுவிட்டால் தீங்கில்லை. அமெரிக்காவின் சில நகரங்களில் அது நீதிமன்ற நடைமுறையிலேயே நிகழ்ந்தது. ஒருவரை நீதிபதியின் முன் கொண்டுவருவதற்காக ஏற்பட்ட பிடியாணை, அங்குப் பணம் தண்டும் கருவியாக மாறியது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், தேங்கிக் கிடந்த பிடியாணைகளுக்கு எவ்வாறு தீர்வு காணப்பட்டது என்பதையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி

கடன்பட்டோரைச் சிறையிடும் வழக்கத்தை அமெரிக்கக் கூட்டரசு 1833ஆம் ஆண்டில் நீக்கியது. மாநிலங்களும் அடுத்தடுத்து அவ்வழியைப் பின்பற்றின. ஆனால், நீதிமன்றம் விதிக்கும் அபராதம் தண்டனையாகக் கருதப்பட்டதேயன்றிக் கடனாகக் கருதப்படவில்லை. எனவே, அபராதம் கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் தொடர்ந்தது.

இவ்வழக்கத்தின் கொடுமையை ‘டேட் எதிர் ஷார்ட்’ என்னும் வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் டேட் என்பவர் ஒன்பது போக்குவரத்துக் குற்றங்களுக்காக 425 டாலர் அபராதம் கட்ட வேண்டியவரானார். அக்குற்றங்களுக்குச் சட்டம் விதித்தது அபராதம் மட்டுமே. சிறைத் தண்டனை அன்று. எனினும் அவர் வறியவராதலால், நாளொன்றுக்கு 5 டாலர் வீதம் 85 நாள்கள் நகரச் சிறைப்பண்ணையில் இருந்து அபராதத்தைக் கழிக்குமாறு பணிக்கப்பட்டார். பணமுள்ளவர் அதே குற்றங்களுக்காக ஒரு நாளும் சிறை சென்றிருக்க மாட்டார். 1971ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இதற்கு முந்தைய ஆண்டில் ‘வில்லியம்ஸ் எதிர் இலினாய்’ வழக்கில் அளித்த தீர்ப்பே இதற்கு அடிப்படையாயிற்று.

1983ஆம் ஆண்டில் ‘பியர்டன் எதிர் ஜார்ஜியா’ வழக்கில் இந்நெறி மேலும் தெளிவு பெற்றது. அபராதம் கட்டாத ஒருவரைச் சிறையிடும் முன், அவர் கட்ட மறுக்கிறாரா, கட்ட இயலாதவரா என்று நீதிமன்றம் விசாரித்து அறிய வேண்டும். இயலாதவராயின் வேறு வழிகளை ஆராய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரமாகும். மறுப்பு வேறு, இயலாமை வேறு என்னும் இவ்வேறுபாடே நம் ஆய்வின் மையக்கருத்தாகும்.

ஃபெர்குசன்: ஒரு சீட்டு ஏழாண்டுத் துன்பமான வரலாறு

நெறி வகுக்கப்பட்ட போதிலும் நடைமுறை வேறாகவே இருந்தது. மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் மாநகரை ஒட்டி அமைந்துள்ள ஃபெர்குசன், 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 21,000 மக்கள் வாழ்ந்த சிறு நகரம். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் மைக்கல் பிரவுன் என்னும் கறுப்பின இளைஞர் அங்குக் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கூட்டரசு நீதித்துறை விசாரணை மேற்கொண்டது. 2015 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை, காவல் துறையோடு நகராட்சி நீதிமன்றத்தின் செயற்பாட்டையும் வெளிப்படுத்தியது.

அவ்வறிக்கையின்படி, 2013ஆம் ஆண்டில் மட்டும் அந்நீதிமன்றம் 9,000க்கும் மேற்பட்ட பிடியாணைகளைப் பிறப்பித்தது. 2014 டிசம்பரில் 16,000க்கும் மேற்பட்டோர் மீது பிடியாணைகள் நிலுவையில் இருந்தன. அவர்களுள் பலர் வெளியூரினர் ஆயினும், நகர மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில் இவ்வெண்ணிக்கை திகைப்பூட்டுவதாகும். மக்கள்தொகையில் 67 விழுக்காட்டினரான கறுப்பினத்தவர், நிறுத்தப்பட்ட வாகனங்களில் 85 விழுக்காட்டையும் வழங்கப்பட்ட சம்மன்களில் 90 விழுக்காட்டையும் பெற்றிருந்தனர்.

இதன் காரணத்தை நகரின் வரவு செலவுக் கணக்கில் காணலாம். 2010ஆம் நிதியாண்டில் அபராதங்களாலும் கட்டணங்களாலும் கிடைத்த வருவாய் 13.8 லட்சம் டாலர். 2015ஆம் நிதியாண்டிற்கு எதிர்பார்க்கப்பட்டதோ 30.9 லட்சம் டாலர். நீதிமன்றம் நகரின் வருவாய்த் துறைபோல் இயங்கியது எனலாம்.

பெண்மணி ஒருவரின் நிலையை அறிக்கை எடுத்துரைக்கிறது. 2007ஆம் ஆண்டில் அவர் ஒரு முறை வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினார். இரண்டு சம்மன்களும் 151 டாலர் அபராதமும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. வறுமையாலும் இடையிடையே வீடற்று வாழ்ந்தமையாலும் அவரால் உரிய நாளில் கட்டவோ நீதிமன்றம் செல்லவோ இயலவில்லை. வராமை தனிக்குற்றமாகக் கருதப்பட்டது. அவ்வாறு ஏழு குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஒவ்வொன்றும் புதிய பிடியாணையையும் புதிய அபராதத்தையும் ஈன்றது. இரு முறை கைதாகி ஆறு நாள்கள் சிறையில் இருந்தார். பின்னர் 25 டாலரும் 50 டாலரும் கட்ட முயன்றபோது, முழுத்தொகையே வேண்டும் என்று நீதிமன்றம் அவற்றைத் திருப்பிவிட்டது. 2014 டிசம்பருக்குள் அவர் 550 டாலர் கட்டிவிட்டார். அப்போதும் 541 டாலர் பாக்கி இருந்தது. அவரால் இயலுமா என்று நீதிமன்றம் முதலிலேயே வினவியிருப்பின் இவ்வேழாண்டுத் துன்பம் நேர்ந்திராது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

தீர்வு

2014 செப்டம்பரில் வராமையைத் தனிக்குற்றமாக்கிய நகர விதி நீக்கப்பட்டது. 2015 ஜூலையில் மிசௌரி மாநிலம் இயற்றிய சட்டம், நகராட்சிகள் போக்குவரத்து அபராதங்களால் பெறக்கூடிய வருவாயின் உச்ச வரம்பைப் பொது வருவாயில் 30 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. 2015 ஆகஸ்டில் ஃபெர்குசன் நீதிபதி டொனால்ட் மெக்கலின், 2014ஆம் ஆண்டு முடிவதற்கு முன் பிறப்பிக்கப்பட்ட பிடியாணைகள் அனைத்தையும் திரும்பப் பெற்றார். வழக்குகள் மறையவில்லை, உரியவர்களுக்குப் புதிய நாள் குறிக்கப்பட்டது. தவணை முறையில் கட்டுதல், சமூகப் பணி செய்தல், வறியவர்க்கு அபராதத்தை மாற்றியமைத்தல் ஆகிய வழிகளும் திறக்கப்பட்டன.

முடிவுரை

இத்தீர்வில் புதுமை ஏதுமில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. 2015இல் ஃபெர்குசன் மேற்கொண்ட வழிகள் யாவும் 1971, 1983 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் அடங்கியிருந்தவையே. சட்டம் இருந்தது, அதனைக் கையாள வேண்டிய நீதிமன்றம் நகரக் கருவூலத்தை நோக்கி நின்றமையால் அது செயலற்றுக் கிடந்தது. நெறி ஏட்டில் ஏறியது முதல் எளியவர் வாழ்வை எட்டும் வரையிலான இடைவெளி, இங்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது. சட்ட வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, தீர்ப்பு வெளியான ஆண்டோடு நில்லாமல் இவ்விடைவெளியையும் சேர்த்துக் கற்பிப்பது நம் கடமையாகும்.