அவிழ்க்கச் சொன்னவர் யார்? ரெக்கார்டு டான்ஸ் மேடையின் சாதி வரலாறு



போன ஆடி மாதம் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஒரு அக்கா என்னைப் பார்க்க வந்தார். ஜாத்திரைகளில் ஆடல் பாடல் குழுவோடு போய் ஆடுகிறவர். அருந்ததியர், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஒரு ஊர் மேடையில் ஆடும்போது கீழே இருந்தவர்கள் மேலாடையைக் கழற்றச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். மறுத்ததும் இரண்டு பேர் மேலே ஏறி இழுத்திருக்கிறார்கள். கலவரமாகி, கடைசியில் ஆபாச நடனம் ஆடியதாக வழக்கு. யார் மேல்? அவர் மேல்.

"அவுருன்னு கத்துனவன் வூட்டுக்குப் போயிட்டான் சார். அவுக்கமாட்டேன்னு சொன்னவ நானு. கேஸு எம்மேல."

இந்த மூன்று வாக்கியங்களுக்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆடையை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடுவதை மேற்கத்திய நாடுகளில் 'ஸ்ட்ரிப்டீஸ்' என்கிறார்கள். பாரிஸ், நியூயார்க் நகரங்களின் இரவு அரங்குகளில் வளர்ந்த தொழில் அது. 1937இல் நியூயார்க் மேயர் லா கார்டியா 'பர்லெஸ்க்' அரங்குகளை இழுத்து மூடினார். ஆனால் அதே மேடைகளில் பெயர் வாங்கிய ஜிப்ஸி ரோஸ் லீ தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அது 1959இல் இசை நாடகமாகவும் வந்தது. அங்கேயும் வறுமை உண்டு, நிறவெறி உண்டு. ஆனாலும் அந்த வரலாற்றில் ஆடியவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நம் ஊர் வரலாற்றில் பெயர் கிடையாது, சாதி மட்டும்தான் இருக்கிறது.

நம் நாட்டில் பெண்ணின் மேலாடை என்பது மேடைக்கு வருவதற்கு முன்பே சாதிச் சட்டமாக இருந்தது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். அதற்கு எழுபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை என்ன? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மூடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது என்பதும் உண்டு. பணியாதவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அன்று மூடினால் அடித்தார்கள். இன்று மேடையில் மூடிக்கொண்டு ஆடினாலும் அடிக்கிறார்கள். நடுவில் என்ன மாறியது?

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டம். இந்த வட்டாரத்தில் மாத்தம்மா வழிபாடு பழையது. பிள்ளைக்கு நோய் கண்டால் மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடுவதும், அப்படி விடப்பட்ட பெண்ணையே 'மாத்தம்மா' என்று கூப்பிடுவதும், அவளைத் திருவிழாவில் ஆட வைப்பதும் அருந்ததியர் குடும்பங்களின் தலையில் கட்டப்பட்ட வழக்கம். 2017 செப்டம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சிறுமியை மணப்பெண்ணாக அலங்கரித்து, சடங்கு முடிந்ததும் ஐந்து பையன்கள் அவள் ஆடைகளைக் களைகிறார்கள், அதன் பின் அவள் ஊர்ச் சொத்தாகப் பார்க்கப்படுகிறாள் என்ற புகார் அந்த நோட்டீஸில் இருந்தது. குறிப்பிடப்பட்ட மாவட்டங்கள் திருவள்ளூரும் சித்தூரும்.

படித்துவிட்டு "இதெல்லாம் எங்கே நடக்கிறது?" என்று என் கூடப் படித்தவர்களே கேட்டார்கள். சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் நடக்கும் ஒன்றைப் பற்றித்தான் அப்படிக் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் தேவதாசி ஒழிப்பைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். பேச வேண்டியதுதான். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடாமல் 1947இன் சென்னை தேவதாசிச் சட்டம் வந்திருக்காது. அந்தச் சட்டம் பொட்டுக்கட்டுவதை மட்டும் தடுக்கவில்லை, கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே சட்டவிரோதம் என்றது. சதிராட்டம் என்னவாயிற்று? 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் அரங்கேறினார். ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடைக்குப் போனது, மரியாதையும் கூடவே போனது. பரம்பரையாக ஆடிய குடும்பங்கள் வெளியே நின்றன. பெரிய கோயில் தாசிகளைப் பற்றி இவ்வளவு விவாதம் நடந்தபோது, சேரியின் மாத்தம்மாக்கள் யார் கணக்கிலும் வரவில்லை. அவர்களுக்குச் சபா கிடைக்கவில்லை. கிடைத்தது தெருக்கோடி மேடை.

அந்த மேடைக்குத்தான் ரெக்கார்டு டான்ஸ் வந்தது. இசைத்தட்டில் சினிமாப் பாட்டைப் போட்டு அதற்கு ஆடுவதால் அந்தப் பெயர். ஜோதிலட்சுமி, ஜெயமாலினி, பிறகு சில்க் ஸ்மிதா ஆடிய பாட்டுகளுக்கு ஊர் மேடையில் நகல் ஆட்டம். இசைத்தட்டு போய் கேசட் வந்தது, பிறகு பென் டிரைவ் வந்தது. பெயரும் 'ஆடல் பாடல்' என்று மாறியது. அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போனால் ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்த வசனம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். நிபந்தனைகள் நியாயமானவைதான். ஆனால் மீறல் நடந்தால் முதலில் மாட்டுவது யார் என்பதை அந்த அக்கா சொல்லிவிட்டார்.

இந்தக் கேள்வியில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

மராத்தியத் தமாஷாவில் ஆடியவர்கள் பெரும்பாலும் மகர், மாங், கொல்ஹாட்டி பெண்கள். புகழ்பெற்ற தமாஷா கலைஞர் பட்டே பாபுராவ் பிறப்பால் பிராமணர், அவரோடு ஆடிய பவளாபாய் மகர். பாபுராவ் அம்பேத்கர் இயக்கத்துக்கு நன்கொடை தர முன்வந்தபோது, மகர் பெண்களை ஆட வைத்துச் சம்பாதித்த பணம் வேண்டாம் என்று பாபாசாகேப் மறுத்தார். 1936இல் மும்பையில் தேவதாசிகள், முரளிகள், ஜோக்தினிகளின் கூட்டத்தில் இந்தத் தொழிலை விட்டு வெளியே வாருங்கள் என்று நேராகவே சொன்னார். சுயமரியாதைதான் அவருடைய அளவுகோல்.

இன்னொரு பக்கம் 2005இல் மகாராஷ்டிர அரசு மும்பை டான்ஸ் பார்களைத் தடை செய்தது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு! பணக்காரன் பார்த்தால் கலை, ஏழை பார்த்தால் ஆபாசம். அப்போது தலித் பெண்ணியவாதிகளில் சிலர் தடையை ஆதரித்தார்கள், சாதி விதித்த பாலியல் உழைப்பை 'வேலை' என்று கொண்டாடாதீர்கள் என்றார்கள். மற்றவர்கள், சோற்றை மட்டும் பிடுங்கிவிட்டு மாற்று தராத தடையால் யாருக்கு விடுதலை என்று கேட்டார்கள். 2006இல் உயர் நீதிமன்றமும் 2013இல் உச்ச நீதிமன்றமும் தடையை ரத்து செய்தன. தடையால் வேலையிழந்த பல பெண்கள் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. அதன் பிறகு அரசு கொண்டுவந்த 2016 சட்டத்தின் பல பிரிவுகளும் 2019 ஜனவரியில் விழுந்தன. ஆடுபவர் மேல் பணத்தை வாரி இறைப்பதற்கான தடை மட்டும் நின்றது, டிப்ஸ் கொடுக்கலாம் என்றது நீதிமன்றம்.

என் நிலைப்பாடு இதுதான். பாபாசாகேப் சொன்ன திசை சரி. இந்த வேலை எந்தச் சாதிக்கும் பரம்பரைச் சொத்தாக இருக்கக் கூடாது. ஆனால் வெளியே வரச் சொன்னவர், கூடவே கல்வியையும் நிலத்தையும் அரசியல் உரிமையையும் கேட்டவர். நம் அரசுகள் அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. அதனால்தான் தடைச் சட்டம் எப்போதும் ஆடுகிறவளைத் தேடிப் போகிறது. மேடை போட்ட விழாக் கமிட்டியையும், மேலே ஏறி இழுத்தவனையும் தேடுவதில்லை. பட்டியல் சாதிப் பெண்ணின் ஆடையைப் பலவந்தமாகக் களைவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவள் மேடையில் நின்றாள் என்பதற்காக அந்தச் சட்டம் செல்லாமல் போகாது.

அந்த அக்காவோடு போய் அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அவருடைய மூத்த மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். 2009இல் வந்த அருந்ததியர் உள் இட ஒதுக்கீடு மூன்று சதவீதம் என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

அடுத்த ஜாத்திரைக்குள் உங்கள் ஊர் விழாக் கமிட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மேடையில் ஆட வருகிற பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஜெய்பீம்.