இங்கிலீஷ்காரன் வீட்டுக் கருவாடு

டிஸ்கி: இது பன்றிக்கறி சம்பந்தப்பட்ட பதிவு. மத வழக்கத்தாலோ பிடிக்காமலோ அதைத் தொடாதவர்கள் சும்மா சரித்திரமா மட்டும் படிச்சுட்டுப் போகலாம். இன்னொண்ணு, நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க.

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. இப்ப வந்ததுக்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. போன வருஷம் கம்பெனி செலவுல முழு உடல் பரிசோதனை பண்ணினாங்க. கெட்ட கொழுப்பு 172. வயசான பெங்காலி டாக்டர், மூக்குக்கண்ணாடிக்கு மேல பார்த்துக்கிட்டே கேட்டார்:

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டு முட்டை, டோஸ்ட், அஞ்சு துண்டு பேக்கன்."

"தினமுமா?"

நான் பதில் சொல்லலை. பக்கத்துல தங்கமணி உட்கார்ந்திருந்தாங்க. அவங்க சொல்லிட்டாங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து கொல்கத்தா வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. முதல் ஆறு மாசம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ். சமையல்காரர் காளிம்போங்காரர். லேக் மார்க்கெட் போனா இட்லி கிடைக்கும்னு தெரியறதுக்கு முன்னாடியே இவர் கையால பேக்கன் சாப்பிட்டுப் பழகியாச்சு. ஊரை விட்டு வந்து வாடிக்கிடந்த நேரத்துல அந்த உப்பும் புகையும் கலந்த வாசம் ஏனோ வீட்டு ஞாபகத்தைக் கொடுத்துச்சு. ஏன்னு அப்ப புரியலை.

எங்கப்பா 56 வயசுல மாரடைப்புல போனார். எனக்கு இப்ப 48. அதனால டாக்டர் சொன்னதைச் சிரிச்சுத் தள்ள முடியலை. ஆனா விடவும் மனசில்லை. அவர்கிட்ட வாதாட நாலு பாயிண்டாவது கிடைக்காதான்னு பேக்கனோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். கடைசியில சரித்திரம் டாக்டர் கட்சியில போய் நின்னுடுச்சு :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். பேக்கன்னா என்ன? பன்றியோட வயிற்றுப் பகுதியையோ முதுகுப் பகுதியையோ உப்பு போட்டுப் பதப்படுத்தி, சில சமயம் புகையும் காட்டினது. நம்ம பாஷையில சொன்னா உப்புக்கண்டம். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்துல இங்கிலாந்து கிராமத்துல கூலிக்காரக் குடும்பம் ஒரு பன்றி வளர்க்கும். குளிர்காலம் தொடங்கும்போது வெட்டி, உப்புத் தேய்ச்சு, அடுப்புப் புகை படற மாதிரி தொங்கவிட்டா அதுதான் அடுத்த பல மாசத்துக்குக் கறி. வில்லியம் காபெட்னு ஒருத்தர் 1821-22ல கூலிக்காரக் குடும்பங்களுக்காக 'காட்டேஜ் எகானமி'ங்கிற புத்தகம் எழுதினார். வீட்டுல பேக்கன் தொங்கினா மனுஷன் திருடப் போகமாட்டான்ங்கிற அளவுக்கு அதுல வாதாடியிருக்கார்.

எசெக்ஸ் பக்கத்துல டன்மோன்னு ஒரு ஊர். கல்யாணமாகி ஒரு வருஷமும் ஒரு நாளும் ஒருத்தரோட ஒருத்தர் வருத்தப்படாம வாழ்ந்த தம்பதிக்கு அரைப் பன்றி பேக்கன் பரிசு. சாசர் காலத்துலயே பேசப்பட்ட வழக்கம் இது. நடுவுல நின்னுபோனதை 1855ல ஐன்ஸ்வொர்த்ங்கிற நாவலாசிரியர் திரும்ப ஆரம்பிச்சு வச்சார். தங்கமணிகிட்ட சொன்னேன். "நமக்கு ஒரு துண்டுகூட கிடைக்காது"ன்னாங்க.

இதுல கவனிக்க வேண்டியது அளவுதான். 1863ல எட்வர்ட் ஸ்மித்ங்கிற மருத்துவர் அரசாங்கத்துக்காக ஏழைத் தொழிலாளர் வீடுகள்ல என்ன சாப்பிடறாங்கன்னு கணக்கெடுத்தார். ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் வயிற்றை நிரப்பின. பேக்கன் கொஞ்சூண்டு, அதுவும் பெரும்பாலும் வேலைக்குப் போற ஆம்பளைக்கு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிழங்கு மேல ஊத்திக்க உருகின கொழுப்பு கிடைச்சாலே பெரிசு. ஒரு சட்டி முட்டைக்கோசுக்கோ பட்டாணிக்கோ ஒரு துண்டு போட்டா மொத்தமும் மணக்கும்.

இதைப் படிச்சப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது எங்கம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு கணக்கு! கத்திரிக்காயும் மொச்சையும் ஒரு சட்டி நிறைய, சீலாக் கருவாடு நாலே துண்டு. வாசம் தெருமுனை வரைக்கும் வரும். கருவாட்டை யாரும் தட்டு நிறைய அடுக்கிச் சாப்பிடறதில்லை. கெஸ்ட் ஹவுஸ்ல அந்த வாசம் ஏன் வீட்டை ஞாபகப்படுத்துச்சுன்னும் அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அப்ப இந்தக் கருவாடு எப்ப தட்டு நிறைய வந்துச்சு?

முதல் திருப்பம் வில்ட்ஷைர்ல கால்ன்ங்கிற ஊர். அயர்லாந்துல இருந்து பிரிஸ்டலுக்குக் கப்பல்ல வந்த பன்றிகளை லண்டனுக்கு நடத்தியே ஓட்டிட்டுப் போவாங்க. அந்த வழியில இருந்த ஊர் இது. ஹாரிஸ் குடும்பம் 1770ல இங்க கடை போட்டுது. அயர்லாந்துல உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து பன்றி வரத்து குறைஞ்சதும், ஜார்ஜ் ஹாரிஸ் 1847ல அமெரிக்கா போனார். அங்க பனிக்கட்டி வச்சு அறையைக் குளிர வைக்கிறதைப் பார்த்தார். 1856ல கால்ன்ல பனிக்கட்டி அறை, 1864ல காப்புரிமை. முன்னாடி குளிர்காலத்துல மட்டும் நடந்த வேலை வருஷம் பூரா நடந்துச்சு. குளிர் காப்பாத்தினதால உப்பும் கம்மியாப் போதும். இப்ப நாம சாப்பிடற மென்மையான பேக்கனோட தொடக்கம் அங்கதான்.

அடுத்து டென்மார்க். 1887ல ஜெர்மனி டேனிஷ் பன்றிகளை உயிரோட இறக்குமதி பண்ணத் தடை போட்டுச்சு. டேனிஷ் விவசாயிகள் தளர்ந்துபோகலை. அதே வருஷம் ஹார்சென்ஸ் ஊர்ல கூட்டுறவு பேக்கன் ஆலை தொடங்கி, இங்கிலாந்துக்காரன் காலைச் சாப்பாட்டைக் குறிவச்சாங்க. அவன் விரும்பின மாதிரி நீளமான, கொழுப்பு குறைஞ்ச பன்றி இனத்தையே வளர்த்தெடுத்தாங்க.

நடுவுல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. பேக்கனோட இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் வெடியுப்பு. 17, 18ஆம் நூற்றாண்டுகள்ல ஐரோப்பாவுக்குப் போன வெடியுப்புல பெரும்பகுதி பீகார்ல காய்ச்சி, பாட்னாவுல சேர்த்து, நான் தினமும் ஆபீஸ் போகத் தாண்டற இந்த ஹூக்ளி நதி வழியாக் கப்பலேறினதுதான். பெரும்பாலும் துப்பாக்கி மருந்துக்கு, கொஞ்சம் இறைச்சிக்கு.

பெரிய திருப்பம் அமெரிக்காவுல. 1918ல லூலூ ஹன்ட் பீட்டர்ஸ்ங்கிற பெண் டாக்டர், சாப்பாட்டைக் கலோரியில எண்ணுங்கன்னு ஒரு புத்தகம் எழுத, அது விற்பனையில சக்கைப்போடு போட்டுச்சு. குறைவாச் சாப்பிடறது நாகரிகமாச்சு. 1924ல ஆஸ்கர் மேயர் கம்பெனி துண்டு போட்டுப் பொட்டலம் கட்டின பேக்கனை விற்க ஆரம்பிச்சுது. அதே இருபதுகள்ல பீச்நட்ங்கிற கம்பெனிக்கு பேக்கன் விற்பனை ஏறணும். எட்வர்ட் பெர்னேஸ்ங்கிற விளம்பர ஜாம்பவானைக் கூப்பிட்டாங்க. இவர் மனோதத்துவ மேதை ஃப்ராய்டோட மருமகப்பிள்ளை முறை. அவர் 'எங்க பேக்கன் ருசி'ன்னு விளம்பரம் போடலை. காலையில கம்மியாச் சாப்பிடறது நல்லதா, நிறையச் சாப்பிடறது நல்லதான்னு ஒரு டாக்டரை விட்டு நாடு முழுக்க டாக்டர்களைக் கேட்க வச்சார். சுமார் 4,500 பேர் 'நிறைய'ன்னு சொன்னதா அவரே சொல்லியிருக்கார். அது செய்தியாப் பத்திரிகைகள்ல வந்துச்சு, கூடவே பேக்கனும் முட்டையும் சேர்ந்து வந்துச்சு. ஆக, நான் பத்தொன்பது வருஷமாப் பாரம்பரியம்னு நினைச்சுச் சாப்பிட்ட அந்த அஞ்சு துண்டுத் தட்டுக்கு, ஒரு விளம்பரக்காரர் மூளைக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு யுத்தம். பிரிட்டன்ல 1940 ஜனவரி 8ஆம் தேதி ரேஷன் வந்தப்ப முதல்ல அட்டைக்குள்ள போனது மூணு பொருள்: பேக்கன், வெண்ணெய், சர்க்கரை. பேக்கன் ஆளுக்கு வாரம் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் இந்த அளவுதான். 1954 ஜூலை 4 வரைக்கும் கட்டுப்பாடு நீடிச்சுது. அமெரிக்காவுல 1942லிருந்து வேற கூத்து. சமைச்சு மிச்சமான கொழுப்பை டப்பாவுல சேர்த்துக் கறிக்கடையில கொடுங்கன்னு இல்லத்தரசிகளை அரசாங்கம் கேட்டுது. அதுலேருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்து. ஒரு காலத்துல வெடியுப்பு இறைச்சிக்குள்ள போச்சு. இப்ப இறைச்சிக் கொழுப்பு வெடிமருந்தாச்சு.

கடைசியா ஆரோக்கியக் கதை. வெடியுப்புக்குப் பதிலா சோடியம் நைட்ரைட் சேர்க்க அமெரிக்க அரசு 1925ல அனுமதிச்சுது. இறைச்சியில விஷக் கிருமி வளராம அது தடுக்கும், நிறமும் கொடுக்கும். ஆனா எழுபதுகள்ல, பேக்கனை அதிகச் சூட்டுல கருகப் பொரிச்சா நைட்ரோசமைன்ங்கிற புற்றுநோய்ப் பொருள் உண்டாகுதுன்னு தெரிஞ்சுது. 1978ல நைட்ரைட் அளவைப் பத்து லட்சத்துல 120 பங்குன்னு குறைச்சு, வைட்டமின் சி வகைப் பொருளும் சேர்க்கணும்னு விதி வந்துச்சு. 2015 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்தின இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேர்த்துது. சிகரெட்டும் அதே பிரிவு. அதுக்காக ரெண்டும் ஒரே அளவு ஆபத்துன்னு அர்த்தமில்லை. ஆதாரம் உறுதின்னுதான் அர்த்தம். தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு, சாப்பிடாதவங்களோட ஒப்பிட்டா 18 சதவீதம் கூடும்னு சொன்னாங்க. என்னோட அஞ்சு துண்டு கிட்டத்தட்ட அங்கதான் வருது.

இனி சமையல்கட்டுக் கணக்கு. முறுகலாச் சமைச்சு வடிச்ச மெல்லிய துண்டு சுமார் 8 கிராம், 45 கலோரி. அஞ்சு துண்டுன்னா 225. பயப்படற அளவு இல்லையே? நானும் அப்படித்தான் குதிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது: எங்க வீட்டுல அந்தச் சட்டியில உருகி நிக்கிற நெய்யிலேயே முட்டையும் போட்டு, டோஸ்டையும் புரட்டி எடுப்போம். அந்த நெய் ஒரு மேசைக்கரண்டி சுமார் 115 கலோரி. ரெண்டு கரண்டின்னா பேக்கனையே மிஞ்சிடுச்சு!

இப்ப எங்க வீட்டு வழக்கம் இது. அடுப்புல பண்ணினா காயாத சட்டியில துண்டுகளைப் போட்டு சிம்ல வச்சு, உருகற நெய்யை அப்பப்ப வடிச்சுடறது. அவன் இருக்கிறவங்க தட்டு மேல கம்பி வலை வச்சு, அது மேல அடுக்கி 200 டிகிரியில 15 - 20 நிமிஷம். கொழுப்பு கீழ சொட்டிடும். மைக்ரோவேவ்னா ரெண்டு காகிதத் துவாலைக்கு நடுவுல, துண்டுக்கு ஒரு நிமிஷம். நைட்ரோசமைன் பொரிக்கிறதைவிட இதுல குறைவுன்னு ஆய்வுகள் சொல்லுது. எந்த முறையானாலும் பொன்னிறத்தோட நிறுத்தணும், கருகக் கூடாது. உப்பு பயம் உள்ளவங்க முதல்ல தண்ணியில ரெண்டு நிமிஷம் கொதிக்கவிட்டுக் கொட்டிடலாம். கருவாட்டைச் சுடுதண்ணியில அலசற அதே கதைதான்.

ஆனா இது எல்லாத்தையும்விட முக்கியம் அளவு. சமையல் முறை மாறினா கலோரி குறையும். உப்பும் நைட்ரைட்டும் முழுசாப் போகாது. அதனால பெர்னேஸ் தட்டைத் தூக்கிப் போட்டுட்டு யுத்தகால ரேஷன் அட்டைக்கு மாறிட்டேன். அது பாதுகாப்பான அளவுன்னு யாரும் சொல்லலை. குறையக் குறைய நல்லதுதான். ஆனா 113 கிராம் பச்சை பேக்கன்னா நடுத்தரக் கனத்துல நாலு துண்டு, எங்க வீட்டுல நாலு பேர். ஞாயித்துக்கிழமை தங்கமணி அதைப் பொடியா நறுக்கி, எண்ணெயே ஊத்தாம அதுலயே கடுகு தாளிச்சு, ஒரு முழு முட்டைக்கோசைக் கொட்டி வதக்குவாங்க. வீடு பூரா மணக்கும். மத்த நாள்ல இட்லி.

மூணு மாசம் கழிச்சு சீட்டுல 118 வந்துச்சு. பெருமையைப் பெரும்பாலும் மாத்திரைக்குத்தான் கொடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஒத்துக்கிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஊர்லேருந்து அம்மா போன்.

"ஏலே, என்ன சாப்பாடு?"

"சோறு, ரசம், முட்டைக்கோசுல கருவாடு போட்டு வதக்கினதும்மா."

"கல்கத்தாவுல நல்ல கருவாடு கிடைக்காலே?"

தங்கமணி என்னையே பார்த்தாங்க.

"கிடைக்கும்மா. வாரத்துக்கு ஒருநாள்தான்."