ஒற்று

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை ஒற்றி எடுக்கிறோம். கற்பூர ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வீக்கத்துக்கு ஒற்றடம் கொடுக்கிறோம். ஒற்றுதல் என்றால் மெல்லப் பட்டு, அழுந்தி, விலகுதல். ஒற்றனும் அப்படித்தான்: பகைவர் ஊரோடு ஒட்டி நின்று, துணி ஈரத்தை வாங்குவதுபோலச் செய்தியை வாங்கிக்கொண்டு விலகுகிறவன்.

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒரு செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சரிபார்ப்பது இன்றைய உளவுத்துறைகளின் வழக்கமும்கூட. தூதுக்கு 69ஆம் அதிகாரம் தனியே உண்டு. தூதன் முகம் காட்டிப் பேசுகிறவன். ஒற்றன் முகம் மறைப்பவன்.

இரண்டும் ஒருவரிடமே கூடியதை நினைக்க இலங்கை மலையகத்தின் இறம்பொடைக்கு வரவேண்டும். தேயிலை மலைகளுக்கு நடுவே சின்மயா மிஷன் கட்டிய அனுமன் கோயில் அங்கே இருக்கிறது. சீதையைத் தேடி வந்தவர் கால் பதித்த மண் இது என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. இரவில் உருவைச் சுருக்கி இலங்கையின் மாளிகைகளில் தேடியபோது அவர் ஒற்றர். கணையாழியை நீட்டியபோது தூதர். நாம் இராமதூதன் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த முறை அந்தச் சந்நிதியில் நிற்கும்போது அவரை ஒற்றர் என்றும் சொல்லிப் பாருங்கள். அது இழிவான சொல் அல்ல.